ரத்தத்திலிருந்து புற்றுநோய்ச் செல்களை மின்புலத்தால் பிரிக்க முடியுமா?

மின்முனைகள் பொருத்திய நுண்ணிய கால்வாயில் ரத்தத்தைச் செலுத்தி, சாயமோ ஆன்டிபாடியோ சேர்க்காமல், மின்புலத்தை மட்டும் கொண்டு அதிலுள்ள புற்றுநோய்ச் செல்களைத் தனியே எடுக்க முடியுமா, முடியும் என்றால் மின்புலம் அவற்றை எதைக் கொண்டு அடையாளம் காண்கிறது, இத்தனை ஆண்டு ஆய்வுக்குப் பிறகும் இது ஏன் வழக்கமான ரத்தப் பரிசோதனையாக ஆகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குச் சுருக்கமான விடை, முடியும் என்பதே. ஆனால் இரண்டாவது கேள்விக்கான விடையைச் சரியாகப் பிடித்துக்கொண்டால்தான் மூன்றாவதற்கு விடை கிடைக்கும். மின்புலத்துக்குப் புற்றுநோய் என்ற ஒன்று தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் செல்லின் பருமன், அதைச் சுற்றியுள்ள சவ்வின் மொத்தப் பரப்பு, உள்ளே இருக்கும் திரவம் மின்சாரத்தைக் கடத்தும் அளவு ஆகிய மூன்றும்தான்.

முதலில் வேலையின் அளவைப் பார்த்துவிடலாம். புற்றுநோயால் இறந்த ஒருவரின் ரத்தத்தில் கட்டியின் செல்களை ஒத்த செல்கள் இருப்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் தாமஸ் ஆஷ்வொர்த் 1869-இலேயே பதிவு செய்துவிட்டார். கட்டியிலிருந்து பிரிந்து ரத்தத்தில் அலையும் இந்தச் செல்கள், நோய் பரவிய நிலையிலும்கூட, பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்துக்கும் குறைவாகவே இருக்கின்றன. அதே ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 500 கோடி சிவப்பணுக்களும், 40 லட்சம் முதல் 1 கோடியே 10 லட்சம் வரை வெள்ளணுக்களும் உள்ளன. சிவப்பணுக்களை அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டோ உடைத்தோ பெருமளவு நீக்கிவிடலாம். வெள்ளணுக்கள்தான் உண்மையான சிக்கல். 10 மில்லிலிட்டர் ரத்தத்தில் 7 கோடி வெள்ளணுக்களும் 50 புற்றுநோய்ச் செல்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கருவி வெள்ளணுக்களில் 99.9 சதவீதத்தை நீக்கிவிட்டது என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கையில் மிஞ்சுவது 70,000 வெள்ளணுக்களும் அவற்றுக்கு நடுவே அதிகபட்சம் 50 புற்றுநோய்ச் செல்களும்தான். இந்தத் துறையில் எந்த எண்ணைப் பார்த்தாலும் இந்தக் கணக்கை மனத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது.

சாயமும் ஆன்டிபாடியும் இல்லாத முறையை ஏன் தேட வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. மார்பகப் புற்றுநோய் பரவியவர்களுக்காக அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2004-இல் அனுமதித்த செல்சர்ச் என்ற முறை, எப்கேம் என்னும் புரதத்தைப் பற்றும் ஆன்டிபாடி பூசிய காந்தத் துகள்களால் இந்தச் செல்களைப் பிடிக்கிறது. 7.5 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட செல்கள் இருந்தால் நோயின் போக்கு கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று அதைக் கொண்டு சொல்ல முடிந்தது பெரிய முன்னேற்றம். ஆயினும் கட்டியிலிருந்து விடுபட்டு அலையத் தொடங்கும் செல்களில் சில, அந்தப் புரதத்தையே குறைத்துக்கொள்கின்றன அல்லது இழந்துவிடுகின்றன, அத்தகைய செல்கள் இந்த வலையில் விழுவதில்லை. மேலும் அதில் ரத்தம் பதப்படுத்தும் வேதிப்பொருள் கலந்த குழாயில் எடுக்கப்படுவதால், பிடிபட்ட செல்களை வளர்த்துப் பார்க்க வழியில்லை. உயிரோடு, தொடப்படாத நிலையில் செல்கள் கிடைத்தால் எந்த மருந்துக்கு அவை மடிகின்றன என்று நேரடியாகச் சோதிக்கலாம். மின்புல முறையின் மீது எனக்குள்ள நம்பிக்கை முழுவதும் இந்த ஒரு காரணத்தின் மேல்தான் நிற்கிறது.

இனி இயக்கத்துக்கு வருவோம். செல்களின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருப்பதால், ஒரே திசையில் பாயும் நேர்மின்சாரம் கொடுத்தால் அவை நேர்மின்முனையை நோக்கி நகரும் என்பது பழைய செய்தி. ஆனால் அந்த மின்னூட்டம் செல்லுக்குச் செல் அதிகம் வேறுபடுவதில்லை, நேர்மின்சாரத்தால் மின்முனைகளில் நீர் சிதைந்து குமிழிகளும் அமில, கார மாற்றங்களும் உண்டாகின்றன. ஆகவே பிரித்தெடுப்பதற்குப் பயன்படுவது மாறுதிசை மின்புலம், அதிலும் இடத்துக்கு இடம் வலிமை மாறும் சீரற்ற மின்புலம். இத்தகைய புலத்தில் ஒரு செல் வைக்கப்பட்டால் அதன் இரு பக்கங்களிலும் எதிரெதிர் மின்னூட்டங்கள் தூண்டப்பட்டு அது ஓர் இருமுனையாக மாறுகிறது. புலம் எங்கும் ஒரே அளவாக இருந்தால் இரு பக்க விசைகளும் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். ஒரு பக்கம் புலம் வலுவாக இருந்தால் விசையில் மிச்சம் ஏற்பட்டு, செல் நகரும். புலத்தின் திசை நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறினாலும் இருமுனையும் கூடவே திரும்புவதால், நகரும் திசை மாறுவதில்லை. இந்த இயக்கத்துக்கு 1951-இல் ஹெர்பர்ட் போல் வைத்த பெயர் டைஎலக்ட்ரோஃபொரெசிஸ்.

செல் சுற்றியுள்ள கரைசலைவிட எளிதாக முனைவுபட்டால், அதாவது இருமுனையாக மாறினால், வலுவான புலத்தை நோக்கி, அதாவது மின்முனையின் விளிம்பை நோக்கி இழுக்கப்படும். கரைசல் அதிகமாக முனைவுபட்டால் செல் அங்கிருந்து தள்ளப்படும். ஒரே செல் ஒரு அதிர்வெண்ணில் தள்ளப்பட்டு இன்னொன்றில் இழுக்கப்படும் என்பதுதான் இந்த முறையின் உயிர்நாடி. அதற்குக் காரணம் சவ்வு. சவ்வு சில நானோமீட்டர் தடிமனுள்ள கொழுப்புப் படலம், மின்சாரத்தைக் கடத்தாதது. அதன் இரு பக்கமும் உப்புக் கரைசல்கள் இருப்பதால் செல்லே மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு மின்தேக்கியாக நடந்துகொள்கிறது. குறைந்த அதிர்வெண்ணில் சவ்வு மின்சாரத்தை உள்ளே விடுவதில்லை, செல் ஒரு காப்புக் கோளம் போலத் தோன்றித் தள்ளப்படுகிறது. அதிர்வெண் ஏற ஏற மின்தேக்கியின் தடை குறைந்து, புலம் சவ்வைத் தாண்டி உள்ளே இருக்கும் கடத்துத்திறன் மிக்க திரவத்தைத் தொடுகிறது. அப்போது செல் இழுக்கப்படத் தொடங்குகிறது. தள்ளுதல் நின்று இழுத்தல் தொடங்கும் அந்த அதிர்வெண்ணைத் திருப்பு அதிர்வெண் என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

திருப்பு அதிர்வெண் கரைசலின் கடத்துத்திறனுக்கு நேர்விகிதத்திலும், செல்லின் ஆரம், சவ்வின் சதுர மீட்டருக்கான மின்தேக்குத்திறன் ஆகிய இரண்டின் பெருக்கத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் ஃபிரெடரிக் பெக்கர், பீட்டர் காஸ்கோய்ன் ஆகியோரின் குழு 1995-இல் வெளியிட்ட அளவீடுகள் இதை அழகாகக் காட்டுகின்றன. எம்டிஏ-231 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்லுக்கு அந்த மின்தேக்குத்திறன் சதுர மீட்டருக்கு 26 மில்லிஃபாரட், வெள்ளணுக்களில் ஒன்றான டி வகை லிம்ஃபோசைட்டுக்கு 11, சிவப்பணுவுக்கு 9. மழமழப்பான சவ்வுக்கு எதிர்பார்க்கக்கூடிய அளவு ஏறத்தாழ 10 மில்லிஃபாரட். அப்படியானால் புற்றுநோய்ச் செல்லின் சவ்வு வேறு பொருளால் ஆனதா? இல்லை, அது சுருக்கங்களும் மடிப்புகளும் விரல் போன்ற நீட்சிகளும் நிறைந்தது. சுருட்டித் திணித்த துணியைப் போல, கோளத்தின் பரப்புக்குத் தேவையானதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சவ்வு அங்கே இருக்கிறது. ஒட்டி வாழும் திசுவிலிருந்து விடுபட்டு உருண்டையாகும் எந்தச் செல்லிலும் இத்தகைய மிகைச்சவ்வு இருக்கக்கூடும் என்பதையும் இங்கேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் பிரிப்பு நடக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். கரைசலின் கடத்துத்திறன் மீட்டருக்கு 0.03 சீமென்ஸ் என்று கொள்வோம். 6 மைக்ரோமீட்டர் ஆரமும் 26 மில்லிஃபாரட்டும் உள்ள புற்றுநோய்ச் செல்லுக்குத் திருப்பு அதிர்வெண் ஏறத்தாழ 43 கிலோஹெர்ட்ஸ். 3.5 மைக்ரோமீட்டர் ஆரமும் 11 மில்லிஃபாரட்டும் உள்ள லிம்ஃபோசைட்டுக்கு ஏறத்தாழ 175 கிலோஹெர்ட்ஸ். இடையில் 80 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் முதலாவது மின்முனையோடு ஒட்டிக்கொள்ளும், இரண்டாவது மேலே எழும்பி ஓட்டத்தோடு போய்விடும். லிம்ஃபோசைட்டைப் பொறுத்தவரை இடைவெளி தாராளம். மோனோசைட் என்ற மற்றொரு வகை வெள்ளணுவைச் சேர்த்தால் அந்தத் தாராளம் சுருங்கிவிடும், ஏனெனில் அது பெரியது, அதன் சவ்வும் மடிப்புகள் உள்ளது. நடைமுறையில் பிரித்தெடுத்த துளியை மாசுபடுத்துபவற்றில் மோனோசைட்டுகளை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

விசை எவ்வளவு, அது எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதையும் அருகில் சென்று பார்ப்பது பயன் தரும். 50 மைக்ரோமீட்டர் இடைவெளியில் 5 வோல்ட் கொடுத்தால் புலத்தின் வலிமை மீட்டருக்கு ஒரு லட்சம் வோல்ட். மின்முனையின் அருகே 6 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள செல்லின் மேல் தோராயமாக 100 பிகோநியூட்டன் விசை செயல்படும், அது நீரில் செல்லை நொடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் நகர்த்தப் போதுமானது. விசை ஆரத்தின் முப்படியைச் சார்ந்திருப்பதால் பெரிய செல் இயல்பாகவே அதிகமாக இழுபடும். ஆனால் கால்வாயின் தரையில் 50 மைக்ரோமீட்டர் அகலமும் அதே இடைவெளியும் கொண்ட கோடுகளாக மின்முனைகள் அமைந்திருந்தால், தரையிலிருந்து 50 மைக்ரோமீட்டர் மேலே போனால் விசை இருபதில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்து 4 பிகோநியூட்டன் அளவாகிறது. 100 மைக்ரோமீட்டர் உயரத்தில் அது நீரில் செல்லின் எடையைவிடவும் குறைந்துபோகிறது. எனவே உயரமான கால்வாயைக் கட்டி அதிகமான ரத்தத்தை விரைவாகச் செலுத்தலாம் என்ற ஆசைக்கு இயற்பியல் இடம் கொடுப்பதில்லை. உயரம் 100 மைக்ரோமீட்டர், அகலம் ஒரு மில்லிமீட்டர், சராசரி வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் மணிக்கு 0.36 மில்லிலிட்டர்தான் கடக்கும். அகலத்தைக் கூட்டுவதுதான் எஞ்சியிருக்கும் வழி. செல்களை நெருக்கமாக நிரப்பி நேரத்தை மிச்சப்படுத்தலாமா என்றால், இருமுனைகளாகிவிட்ட செல்கள் ஒன்றையொன்று ஈர்த்துச் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன, அந்தச் சங்கிலிக்குள் வெள்ளணுவும் புற்றுநோய்ச் செல்லும் சேர்ந்தே பயணம் செய்யும்.

கருவிகள் பல வடிவங்களில் வந்துவிட்டன. 1995-இன் கருவி, புற்றுநோய்ச் செல்களை மின்முனையில் பிடித்து வைத்துக்கொண்டு மற்றவற்றை ஓட்டத்தால் கழுவிவிட்டது. பின்னர் அதே குழுவினர், செல்களைத் தரையிலிருந்து வெவ்வேறு உயரங்களுக்கு எழுப்பி, நடுவே வேகமாகவும் தரையோரம் மெதுவாகவும் ஓடும் ஓட்டம் அவற்றை வெவ்வேறு நேரங்களில் வெளியே கொண்டுவரும்படி செய்தனர். இந்தக் கருத்திலிருந்து வளர்ந்த அப்போஸ்ட்ரீம் கருவியில் செல்கள் இடைவிடாமல் ஓடுகின்றன. புற்றுநோய்ச் செல்கள் தரைக்கு இழுக்கப்பட்டுத் தரையில் உள்ள துளை வழியே வெளியேறுகின்றன, வெள்ளணுக்கள் மேலே தள்ளப்பட்டுக் கழிவுக்குப் போகின்றன. பிடித்து வைத்தலைவிட இந்த ஏற்பாடு செல்லுக்கு இதமானது, ஏனெனில் எந்தச் செல்லும் வலுவான புலத்தில் நெடுநேரம் நிற்பதில்லை. இத்தாலியில் உருவான டெப்அரே வேறு வகையைச் சேர்ந்தது. அதன் சில்லில் (சிப்பில்) ஆயிரக்கணக்கான சிறு மின்முனைகள் சேர்ந்து புலத்தாலான கூண்டுகளை அமைத்து, ஒவ்வொரு செல்லையும் அந்தரத்தில் நிறுத்தி, தேவையானதை மட்டும் கூண்டோடு நகர்த்தி வெளியே கொண்டுவருகின்றன. அங்கே எந்தச் செல் புற்றுநோய்ச் செல் என்று முடிவு செய்வது ஒளிரும் சாயமும் படமும். மின்புலம் அங்கே சுமந்து செல்லும் கை மட்டுமே. இரண்டையும் ஒரே பெயரில் பேசுவதால் மாணவர்களிடம் பெரும் குழப்பம் ஏற்படுவதைப் பார்க்கிறேன். மின்முனையையே கரைசலிலிருந்து விலக்கி, மெல்லிய காப்புச் சுவருக்கு அப்பால் வைக்கும் தொடாமுறைக் கருவிகளும் உண்டு. அவற்றில் குமிழித் தொல்லை இல்லை, ஆனால் அதிக மின்னழுத்தம் வேண்டும்.

இவ்வளவு தெளிவான இயற்பியல் இருந்தும் ஏன் தடுமாற்றம் என்றால், தடுமாற்றத்தின் பெரும்பகுதி கரைசலில் தொடங்குகிறது. ரத்தத்தின் பிளாஸ்மா மீட்டருக்கு ஏறத்தாழ 1.5 சீமென்ஸ் அளவுக்குக் கடத்துகிறது. அதிலேயே வேலை செய்தால் திருப்பு அதிர்வெண்கள் மெகாஹெர்ட்ஸ் எல்லைக்குப் போய்விடுவதோடு, இழுவிசையும் பெரும்பாலும் மறைந்துபோகும். வெப்பமும் ஒரு தடை. 10 வோல்ட்டில் பிளாஸ்மா போன்ற கரைசலின் வெப்பநிலை தோராயமாக 30 டிகிரி ஏறக்கூடும், அது செல்லைக் கொல்லும் ஏற்றம். 0.03 சீமென்ஸ் கரைசலில் அதே மின்னழுத்தத்துக்கு ஏற்றம் ஒரு டிகிரியைக்கூடத் தொடாது. ஆகவே உப்பைக் குறைத்து, செல் நீரை உறிஞ்சி வீங்காமல், அதாவது சவ்வூடு அழுத்தம் குலையாதபடி, சுக்ரோஸும் டெக்ஸ்ட்ரோஸும் சேர்த்த கரைசலுக்குச் செல்களை மாற்றுகிறார்கள். மாற்றிய நொடியிலிருந்து செல்லின் உள்ளிருக்கும் அயனிகள் வெளியே கசியத் தொடங்குகின்றன. உள்ளே கடத்துத்திறன் குறைகிறது, வெளியே கூடுகிறது, நீங்கள் கணக்கிட்டு வைத்த அதிர்வெண் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. சவ்வின் மடிப்புகளும் நிலையானவை அல்ல, செல்லின் நலம் கெடக் கெட அவை மாறுகின்றன. காலையில் நன்றாகப் பிரிந்த மாதிரி பிற்பகலில் பிரியவில்லை என்றால், கருவியைச் சந்தேகிக்கும் முன் கரைசலின் கடத்துத்திறனை மீண்டும் அளந்து பாருங்கள்.

சவ்வுக்கு ஏற்படும் ஆபத்தையும் சொல்ல வேண்டும். புலத்தில் வைத்த செல்லின் சவ்வின் குறுக்கே, குறைந்த அதிர்வெண்களில், ஆரத்தையும் புலவலிமையையும் பெருக்கி ஒன்றரை மடங்காக்கினால் வரும் அளவு மின்னழுத்தம் தூண்டப்படும். மேலே சொன்ன, மீட்டருக்கு ஒரு லட்சம் வோல்ட் புலத்தில் 6 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள செல்லுக்கு அது 0.9 வோல்ட். ஒரு வோல்ட்டை நெருங்கும்போது சவ்வில் துளைகள் விழத் தொடங்கும். அதிர்வெண் ஏறும்போது இந்த அழுத்தம் குறையும், ஆனால் பிரிப்புக்கு ஏற்ற அதிர்வெண்கள் துல்லியமாக அந்தக் குறைவு தொடங்கும் பகுதியில்தான் அமைந்துள்ளன. பெரிய செல்தான் அதிகம் பாதிக்கப்படும் என்பதால், எதைக் காப்பாற்ற விரும்புகிறோமோ அதுவே முதலில் சேதமடையும். பிரித்த உடனே நிறமேற்றிப் பார்த்து உயிரோடு இருக்கிறது என்று எழுதிவிடுவது போதாது. ஒரு நாள் வளர்த்து, அது பிளவுபடுகிறதா என்று பார்த்த பிறகுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு.

என் கருத்தில் இதைவிடக் கவலை தரும் விஷயம் சோதிக்கும் முறை. பெரும்பாலான கட்டுரைகளில், ஆய்வகத்தில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களை நலமாக உள்ளவரின் ரத்தத்தில் கலந்து, மீண்டும் எடுத்து, கிடைத்த சதவீதத்தை எழுதுகிறார்கள். வளர்ப்புச் செல்கள் பருத்தவை, ஒரே மாதிரியானவை, வளர்ப்புத் தட்டிலிருந்து அப்போதுதான் பிரிக்கப்பட்டதால் மடிப்புகள் நிறைந்தவை. நோயாளியின் ரத்தத்தில் பல மணி நேரம் அடிபட்டு வந்த செல் அப்படி இருப்பதில்லை. அவற்றில் பல சிறியவை, வெள்ளணுக்களின் பருமனோடு கலந்துவிடுபவை, சில ஏற்கெனவே இறந்துகொண்டிருப்பவை. மின்புலத்துக்குப் புற்றுநோய் என்ற ஒன்று தெரியாது என்று தொடக்கத்தில் சொன்னது இங்கேதான் தன் விலையைக் கேட்கிறது. வளர்ப்புச் செல்லில் 90 சதவீதம் மீட்ட கருவி நோயாளியின் செல்லில் எவ்வளவு மீட்கும் என்பதை அந்த 90 கொண்டு சொல்லவே முடியாது.

இதற்கிடையே போட்டியாளர்களும் நிற்கவில்லை. செல்களின் பருமனையும் நெகிழ்வையும் மட்டும் கொண்டு குறுகிய படிகளில் அவற்றைத் தடுத்துப் பிடிக்கும் பார்சார்டிக்ஸ் கருவிக்கு 2022-இல், பரவிய மார்பகப் புற்றுநோய்க்காக, அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்குச் சிறப்புக் கரைசல் தேவையில்லை, மின்னியல் அமைப்பும் தேவையில்லை. கட்டி விடுவிக்கும் டிஎன்ஏ துணுக்குகளைப் பிளாஸ்மாவில் தேடும் பரிசோதனைகள் இன்னும் எளிமையானவை, மரபணு மாற்றம் எது என்ற கேள்விக்கு மட்டும் விடை வேண்டுமென்றால் செல்லைத் தேட வேண்டிய அவசியமே பல நேரங்களில் இல்லை. உயிருள்ள செல் வேண்டும் என்ற தேவை உள்ள இடத்தில்தான் மின்புலத்துக்கு இயல்பான இடம். அதுவும் தனியாக அல்ல, செல்களைப் பருமனால் பிரிக்கும் சுழல் கால்வாயோ காந்தமோ முதலில் வெள்ளணுக்களைக் கோடிகளிலிருந்து ஆயிரங்களாகக் குறைத்த பிறகு, கடைசிப் படியாக. மின்புலத்துக்கு வேகம் குறைவு, நுணுக்கம் அதிகம். சிறிய மாதிரியைக் கொடுத்தால் அது சிறப்பாக வேலை செய்யும்.

நீங்கள் இப்படி ஒரு கருவியைக் கட்டத் திட்டமிட்டால், மின்முனை வடிவத்துக்கு மென்பொருளில் நாள்கணக்கில் செலவிடும் முன், உங்கள் செல்களின் திருப்பு அதிர்வெண்ணை நீங்களே நுண்ணோக்கியின் கீழ் அளந்துகொள்ளுங்கள். கட்டுரைகளில் உள்ள எண்ணை அப்படியே எடுக்காதீர்கள், அது அந்தக் கரைசலுக்கும் அந்த வளர்ப்பு நிலைக்கும் உரியது. மோனோசைட்டுகளையும் தனியே அளந்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு ஓட்டத்தையும் இருமுறை செய்யுங்கள், ஒரு முறை மின்சாரத்தோடு, ஒரு முறை மின்சாரத்தை அணைத்து. அணைத்த நிலையிலும் தரைத் துளையில் கணிசமான புற்றுநோய்ச் செல்கள் வந்து சேர்ந்தால், அவற்றைப் பிரித்தது புலம் அல்ல, அவற்றின் எடை. இரண்டு எண்ணிக்கைகளையும் அருகருகே வெளியிடுங்கள், மாதிரியில் மிஞ்சிய வெள்ளணுக்களைச் சதவீதமாக அன்றி மில்லிலிட்டருக்கு இத்தனை என்று எழுதுங்கள், ரத்தம் எடுத்ததிலிருந்து பிரிப்பு முடியும்வரை ஆன நேரத்தையும், தொடக்கத்திலும் முடிவிலும் கரைசலின் கடத்துத்திறனையும் குறித்துவையுங்கள். இந்த ஐந்தாறு எண்கள் இருந்தால், உங்கள் முடிவை இன்னொரு ஆய்வகம் தன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.